சீனாவின் முதல் காகிதப் பணம்: ஒரு நோட்டை எது செல்ல வைக்கிறது?

10-ஆம் நூற்றாண்டின் இறுதி. சிச்சுவான் பகுதியின் செங்டு நகரில் ஒரு சுருள் மெல்லிய பட்டுத்துணி வாங்க 20,000 இரும்புக் காசு தேவைப்பட்டது. அந்தக் காசின் எடை சுமார் 80 கிலோ. வாங்கிய துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கடைக்குக் கொண்டுபோகத்தான் சுமைக்கூலி ஆள் வேண்டும். உலகிலேயே முதன்முதலாக ஓர் அரசாங்கம் வெளியிட்ட காகிதப் பணம் 1024-ல் இந்த ஊரிலிருந்து வந்ததற்கு இந்த 80 கிலோதான் முதற்காரணம்.

காகிதப் பணம் என்றாலே "அரசாங்கம் அச்சடித்தது, அதனால் செல்லுகிறது" என்று நினைப்பது வழக்கம். அச்சடிப்பது எளிய பகுதி. அச்சடித்ததை மக்கள் நாளைக்கும் வாங்கிக்கொள்ளச் செய்வதுதான் கடினம். சீனாவில் 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை நான்கு அரசுகள் இதைச் செய்து பார்த்தன. எங்கே நின்றது, எங்கே சரிந்தது என்பதெல்லாம் அவர்களுடைய ஆவணங்களிலேயே கணக்கோடு இருக்கிறது. ஆகவே காகிதப் பணம் என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் காசு. சோங் வம்சம் (960–1279) வார்த்தது நடுவில் சதுரத் துளையுள்ள வட்டக் காசு. துளை வழியே கயிறு கோத்து 1,000 காசை ஒரு சரம் என்பார்கள். கணக்குக்குத்தான் ஆயிரம், அரசு ஏற்ற வழக்கப்படி 77 காசு இருந்தாலே அது "நூறு". அதனால் கையில் வாங்கும் ஒரு சரத்தில் பெரும்பாலும் 770 காசுதான் இருக்கும். செம்பு, ஈயம், தகரம் கலந்து வார்த்த ஆயிரம் காசு 3 கிலோவுக்குச் சற்று மேல். சோங் அரசின் அக்கசாலைகள் 1080-ல் மட்டும் 50 லட்சம் சரத்துக்கு மேல் செப்புக் காசு வார்த்தன. அப்படியும் காசு போதவில்லை.

சிச்சுவான் நிலைமை இன்னும் மோசம். 965-ல் அந்நாட்டைப் பிடித்த சோங் படை அங்கிருந்த செம்பை வெளியே கொண்டுபோயிற்று. வெளியிலிருந்து செப்புக் காசு உள்ளே வரவும் தடை. எஞ்சியது இரும்பு. மதிப்பு குறைந்த உலோகம் என்பதால் அதே பொருளுக்கு மிக அதிகக் காசு எண்ணித் தர வேண்டும். கனமும் அதிகம், துருவும் பிடிக்கும். சிறிய இரும்புக் காசு ஒரு சரம் 4 கிலோவுக்கு மேல். 990-களில் அங்கே பெரிய கலகம் வெடித்து, காசு வார்ப்பதும் நின்றது. இருக்கிற காசைச் சுமக்க முடியவில்லை, புதிய காசும் வரவில்லை. இந்த நெருக்கடியில்தான் வணிகர்கள் சீட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

சீட்டு அவர்களுக்குப் புதிதல்ல. இருநூறு ஆண்டுக்கு முன், தாங் வம்சக் காலத்தில், தேயிலை விற்கத் தலைநகருக்கு வந்தவர்கள் விற்ற காசைச் சுமக்காமல் அங்கேயே ஒப்படைத்துவிட்டு, இரண்டாகக் கிழித்த சீட்டின் ஒரு பாதியோடு ஊர் திரும்பினார்கள். ஊரில் மறுபாதியோடு பொருந்தினால் காசு கிடைக்கும். அதற்குப் "பறக்கும் பணம்" என்று பெயர். நம் வணிகர்கள் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்ப எழுதிய உண்டியல் சீட்டு போன்றது. 812-ல் அரசே இதை நடத்த முன்வந்து ஆயிரத்துக்கு 100 காசு கட்டணம் கேட்டது. யாரும் வரவில்லை. கட்டணத்தை நீக்கிய பிறகுதான் வந்தார்கள். ஆனால் இது பணம் அல்ல. ஓர் ஊரில் கொடுத்து இன்னோர் ஊரில் வாங்கும் வசதி, அவ்வளவே. ஒரு சீட்டு எப்போது பணமாகிறது? வாங்கியவர் அதை மாற்றப் போகாமல் அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்க, அவரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும்போது.

செங்டுவில் அது நடந்தது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 16 பணக்கார வணிகக் குடும்பங்கள் சேர்ந்து, அதிகாரிகளின் ஒப்புதலோடு, ஒரே மாதிரியான தாளில் சீட்டு அச்சிட்டன. பெயர் ஜியாவோசி. தாளில் வீடு, மரம், மனிதர் படங்கள். கறுப்பும் சிவப்பும் கலந்த அச்சு. அவரவர் வீட்டுக்கு ஒரு ரகசியக் குறி. தொகையை மட்டும் கையால் எழுதுவார்கள். யார் இரும்புக் காசு கொண்டுவந்து கட்டினாலும் அந்தத் தொகைக்குச் சீட்டு. காசாக மாற்ற வந்தால் சரத்துக்கு 30 காசு பிடித்தம், அதாவது 3 சதவீதம்.

இங்கே முதல் கோளாறு. காசு கட்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் திரும்ப வருவதில்லை என்று வணிகர்கள் கண்டுகொண்டார்கள். பெட்டியில் சும்மா கிடக்கும் காசைக் கொண்டு நிலம், தோட்டம், கடை, சரக்கு வாங்கிப் போட்டார்கள். பட்டுக்கூடும் நெல்லும் கோதுமையும் விளையும் பருவம் வந்தால், கொள்முதலுக்காக மேலும் ஒன்றிரண்டு சுற்று சீட்டு அடித்தார்கள். நிலமும் தோட்டமும் நல்ல சொத்துதான். ஆனால் வாசலில் நிற்பவருக்குத் தோட்டத்தைச் சில்லறையாக மாற்றித் தர முடியாது. சந்தேகம் பரவியதும் கூட்டம் திரண்டது. கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சண்டையை விலக்க அதிகாரிகள் போக வேண்டி வந்தது. கடைசியில் ஒரு சரத்துக்கு 700, 800 காசுதான் மக்களுக்குக் கிடைத்தது என்று அக்காலப் பதிவு சொல்கிறது. நட்டம் அடைந்தவர்கள் ஏழைகள் என்பதையும் அந்தப் பதிவு மறைக்கவில்லை.

இதைத் தடை செய்துவிடலாம் என்று ஓர் அதிகாரி சொன்னார். தடை செய்தால் வணிகம் படுத்துவிடும், அரசே நடத்தட்டும் என்று வாதிட்டவர் சுயே தியான். அவர் வாதம் வென்றது. 1023-ன் முடிவில் அரசு ஜியாவோசி அலுவலகம் அமைந்தது. அடுத்த ஆண்டு முதல் நோட்டு வெளிவந்தது.

அந்த அலுவலகம் வைத்த விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காகிதப் பணம் என்ற இயந்திரத்தின் உறுப்புகள் அத்தனையும் இதில் இருக்கின்றன.

ஒரு வெளியீட்டுக்கு 12,56,340 சரம்தான் உச்சம். அதற்குப் பின்புலமாக 3,60,000 சரம் இரும்புக் காசு கையிருப்பு. கணக்குப் போட்டால் 100 சரம் நோட்டுக்கு 28, 29 சரம் காசு. மீதி 71-க்குக் காசு இல்லை. இது ஏமாற்றா? இல்லை. நோட்டு வைத்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் காசை விரும்பவில்லை. சுமக்க முடியாது என்றுதானே நோட்டுக்கு வந்தார்கள்? அன்றாடம் மாற்ற வருபவர்களுக்குக் கையிருப்பு போதும். அது போதும் என்ற நிலை எதுவரை? நோட்டின் மொத்தம் எல்லைக்குள் இருக்கும்வரை. ஆக, உச்சவரம்பும் கையிருப்பும் தனித்தனி விதிகள் அல்ல. ஒன்றை அசைத்தால் மற்றது தானாகக் கெடும்.

அடுத்தது ஆயுள். ஒவ்வொரு வெளியீடும் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். தவணை முடியும்போது பழைய நோட்டைக் கொண்டுவந்து, சரத்துக்கு 30 காசு கட்டி, புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய பழக்கத்தில் இது தொந்தரவாகத் தோன்றும். ஆனால் காரணம் உண்டு. தாள் இரண்டு ஆண்டில் கிழிந்து நைந்துவிடும். கள்ள நோட்டு இருந்தால் மாற்ற வரும் இடத்தில் அகப்படும். வெள்ளத்திலும் தீயிலும் அழிந்தவை கணக்கிலிருந்து விழும். மிக முக்கியமாக, எத்தனை நோட்டு வெளியில் இருக்கிறது என்பதை அரசு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தாக வேண்டும். இந்த எண்ணிப்பார்க்கும் கட்டாயம்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன்.

தொகை முதலில் 1 முதல் 10 சரம் வரை. 1039-ல் 10, 5 சரம் என்று இரண்டே வகை. 1068-ல் 1 சரம், 500 காசு. சிறிய நோட்டு வந்ததும் அது மொத்த வியாபாரியைத் தாண்டிச் சந்தைக்கும் போயிற்று.

அச்சு வேலை எப்படி நடந்தது? நோட்டுத் தாளின் மூலப்பொருள் காகித மல்பெரி மரத்தின் பட்டை. பட்டையை ஊறவைத்து, சாம்பல் அல்லது சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அலசி, நார் பிரியும்வரை அடித்துக் கூழாக்கி, சல்லடையில் ஏந்தி உலர்த்துவார்கள். நார் நீளமானது, எளிதில் கிழியாது. மரத்தின் பெயரையே பணத்துக்கும் வைத்து "மல்பெரிப் பணம்" என்று மக்கள் சொன்னார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்டு நோட்டில் ஆறு தனித்தனி அச்சுக்கட்டைகள் பதிந்தன: அரச ஆணை, தொகை விவரம், காலக்கெடு, பின்பக்க முத்திரை ஆகிய நான்கும் கறுப்பில், முகப்புப் படம் நீலத்தில், வட்ட முத்திரை சிவப்பில். ஆறிலும் அலங்கார வேலைப்பாடு. செங்டு அலுவலகத்தில் அச்சடிப்பவர்கள் 81 பேர், செதுக்குபவர்கள் 6 பேர். இந்த விகிதத்தைக் கவனியுங்கள். செதுக்கும் கை குறைவாக இருந்தால்தான் யார் கையில் கட்டை இருக்கிறது என்று கண்காணிக்க முடியும். ஆறு கட்டை, மூன்று நிறம் என்பதும் அழகுக்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு நிறமும் முந்தைய அச்சின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். தனியாக ஒளிந்து அடிப்பவனுக்கு அது சிரமம்.

சிரமமே தவிர முடியாததல்ல. 1182-ல் தாய்சோ நகரில் விசாரணைக்கு வந்த ஜியாங் ஹுய் என்ற செதுக்குக் கலைஞரின் வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. ஏற்கெனவே கள்ள நோட்டு வழக்கில் தண்டனை பெற்றவர். தேர்ந்த கை என்பதால் புத்தகக் கட்டைகள் செதுக்கும் வேலையில் ஆட்சியரே அவரை அமர்த்தியிருந்தார். அந்த ஆட்சியர்மேல் தத்துவ அறிஞர் ஜூ சி சாட்டிய குற்றச்சாட்டுகளில் ஒன்று, இவரைக்கொண்டு கள்ள நோட்டு அடித்தார் என்பது. ஒரு சரம் நோட்டின் மாதிரியை யாரோ வரைந்து தர, ஒரு பேரிக்காய் மரப்பலகையில் பத்தே நாளில் செதுக்கி முடித்தார். காவி, அவுரி நீலம், கரிமை வாங்கித் தந்தார்கள். பல தவணையாக 2,600-க்கு மேல் அடித்தார். கவனித்தால் தெரியும்: மை கடையில் கிடைக்கும், மரம் கிடைக்கும், கை இருந்தால் கட்டை பத்து நாள் வேலை. கள்ள நோட்டு அடித்தால் தலை போகும் என்றும், காட்டிக்கொடுத்தால் 1,000 சரம் பரிசு என்றும் நோட்டின் முகத்திலேயே அச்சிட்டிருந்ததற்குக் காரணம் இதுதான். ஆனாலும் சீனக் காகிதப் பணத்தைக் கவிழ்த்தது கள்ள நோட்டு அல்ல. அரசாங்கமே அடித்த அசல் நோட்டு.

வடமேற்கில் மேற்கு சியா அரசோடு ஓயாத போர். எல்லைப் படைக்கு உணவும் சம்பளமும் அனுப்ப வேண்டும். கையருகே செங்டு அச்சகம். 1072-ல் பழைய வெளியீட்டைத் திரும்பப் பெறாமலே புதிய வெளியீட்டையும் கூடவே புழங்கவிட்டார்கள். விதிப் புத்தகத்தில் உச்சவரம்பு அப்படியே இருந்தது. புழக்கம் மட்டும் இரட்டிப்பானது. 1107 வாக்கில் வெளியீடு முதல் அளவைப்போல் 20 மடங்குக்கு மேல் போயிற்று. அதற்கு ஈடான கையிருப்பு சேரவில்லை. மாற்றும் தவணை வந்தபோது நான்கு பழைய நோட்டுக்கு ஒரு புதியது என்றார்கள். கையில் 4 சரம் வைத்திருந்தவர் ஒரே நாளில் 1 சரத்துக்காரர் ஆனார். பிறகு ஜியாவோசி என்ற பெயரையே மாற்றினார்கள். இந்த வரலாற்றில் நோட்டின் பெயர் மாறினால் பழைய நோட்டு செத்துப்போயிற்று என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வடக்கை இழந்து தெற்கே ஒதுங்கிய சோங் அரசு 1160-ல் ஹுய்சி என்ற நோட்டைத் தொடங்கியது. பேரரசர் சியாவ்சோங் இதில் காட்டிய கவனம் மெச்சத்தக்கது. 1168-ல் ஒரு வெளியீடு மூன்று ஆண்டு, உச்சம் 1 கோடி சரம் என்று வரம்பு கட்டினார். நோட்டின் விலை சந்தையில் இறங்கியபோது கருவூல வெள்ளியைக் கொடுத்து நோட்டைத் திரும்ப வாங்கி ஒழித்தார். வரியில் பாதியைக் காசாகவும் பாதியை நோட்டாகவும் கட்டலாம் என்ற விதியும் நடைமுறையில் இருந்தது. இந்தக் கடைசி விதிக்குத்தான் பலம் அதிகம். எந்தக் கடைக்காரரும் வாங்க மறுத்தாலும், வரி கட்டும் நாளில் அரசு வாங்கிக்கொள்ளும் என்றால் அந்தத் தாளுக்கு ஒரு தரைவிலை உண்டு. நோட்டு விவகாரத்தால் பத்தாண்டு தூங்கவில்லை என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு, முதலில் வடக்கைப் பிடித்த ஜின் அரசோடும் பிறகு மங்கோலியரோடும் போர். 1240-ல் ஐந்து பழைய நோட்டுக்கு ஒன்று. 1247-ல் காலக்கெடுவே எடுக்கப்பட்டது. எண்ணிப் பார்க்கும் கட்டாயம் போயிற்று.

நோட்டு அந்த அரசின் கை நீளும் எல்லைக்குள் மட்டுமே பணம். செங்டு நோட்டுக்குச் சீனாவின் பிற பகுதிகளிலேயே வேலை இல்லை. கடல் தாண்டினால் அது வெறும் பட்டை. செப்புக் காசோ எங்கும் போகும், போயிற்று. ஜப்பானும் வியட்நாமும் சோங் காசை உள்நாட்டுப் பணமாகவே புழங்கின. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில் 1323-ல் கொரியாவின் சினான் கரையருகே மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த சீனக் காசு மட்டும் 28 டன். நமக்கும் இதில் பங்கு உண்டு. 1077-ல், முதற் குலோத்துங்கன் காலத்தில், 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சோங் அவைக்குப் போயிற்று. கண்ணாடிப் பொருள், கற்பூரம், தந்தம், பன்னீர், பெருங்காயம், கிராம்பு ஆகியவற்றுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசு தந்ததாகச் சீன வரலாறு குறிக்கிறது. சரத்துக்கு 770 என்றே வைத்தாலும் எடை 200 டன் அளவு வரும். தஞ்சைப் பகுதியில் சீனக் காசுக் குவியல்கள் கிடைத்திருக்கின்றன. காசு இப்படிக் கடல்வழி வெளியேற வெளியேற, உள்நாட்டில் நோட்டின் மேல் சாய்மானம் கூடியது.

வட சீனாவை ஆண்ட ஜின் அரசு 1154-ல் சொந்த நோட்டுப் போட்டு, 1189-ல் காலக்கெடுவை நீக்கியது. மங்கோலியப் போர் தொடங்கிய வேளையில் படைக்குப் பரிசாக 84 வண்டி நோட்டு அனுப்பியதாக அதன் வரலாறு சொல்கிறது. வண்டி வண்டியாக அனுப்ப வேண்டி வந்ததே அதன் மதிப்பைச் சொல்லிவிடுகிறது.

மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் 1260-ல் வெளியிட்ட நோட்டு எல்லாவற்றிலும் பெரிய முயற்சி. 10 காசு முதல் 2 சரம் வரை பத்து வகை. 2 சரம் நோட்டு ஒரு தேல் (சீன எடை அளவு) வெள்ளிக்குச் சமம். காலக்கெடு கிடையாது, நைந்ததை மட்டும் சிறு கட்டணத்துக்கு மாற்றலாம். தொடக்கத்தில் உள்ளூர் அலுவலகங்களில் வெள்ளி இருப்பு வைத்து, வெளியீட்டை இறுக்கிப் பிடித்தார்கள். 1260-ல் சுமார் 36 லட்சம் சரம். 1276-ல், தென் சோங் தலைநகர் விழுந்த ஆண்டில், 7 கோடி சரம். சோங் நோட்டு ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாற்றப்பட்டது. உள்ளூர் வெள்ளி இருப்பும் தலைநகருக்குப் போயிற்று. இருப்பு கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனால், மாற்ற வருபவருக்கு அது இல்லாததற்குச் சமம். 1287-ல் புதிய நோட்டு. பழையது ஐந்துக்கு ஒன்று.

குப்லாயின் உறவினரான ஈரானிய மங்கோலிய ஆட்சியாளர் கெய்காத்து 1294-ல் தப்ரீஸ் நகரில் இதை அப்படியே நகலெடுத்தார். நோட்டில் சீன எழுத்துகளும் இஸ்லாமிய உறுதிமொழியும் சேர்ந்தே இருந்தன. வாங்காவிட்டால் மரணம் என்றார்கள். கடைத்தெரு காலியானது, உணவு கிடைக்கவில்லை, சுமார் இரண்டு மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. காகிதம், கட்டை, மை, தண்டனை எல்லாம் சீனாவில் இருந்ததுபோலவே இருந்தன. கருவூலம் காலியாக இருந்ததால்தான் திட்டமே வந்தது என்பது ஊருக்கே தெரியும்.

சீனாவில் குப்லாய் நிறுவிய யுவான் ஆட்சியின் கடைசியில், 1350-க்குப் பிறகு, மறுபடி புதிய நோட்டு, மறுபடி கலகம், படைச்செலவு. தலைநகரில் 500 சரம் நோட்டுக்கு ஒரு மரக்கால் தானியம்கூடக் கிடைக்கவில்லை. சந்தைகளில் ஆட்கள் பண்டமாற்றுக்குத் திரும்பினார்கள்.

அடுத்து வந்த மிங் வம்சம் 1375-ல் வெளியிட்ட நோட்டு இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஏறக்குறைய 34 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம், பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுப் பலகை அளவு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று ஒரு சரம் நோட்டின் நடுவே பத்து சிறு காசுச் சரங்களின் படம் செதுக்கியிருக்கிறது. படத்தில் இருக்கும் காசை எந்த அலுவலகத்திலும் கேட்டு வாங்க முடியாது. உச்சவரம்பும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. மக்கள் வெள்ளியைத் துண்டாக வெட்டி நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். வெள்ளியில் வியாபாரம் செய்வது குற்றம் என்று அரசு திரும்பத் திரும்ப ஆணையிட்டுப் பார்த்தது. 1436-ல் தெற்கு மாகாணங்களின் நிலவரியில் ஒரு பகுதியை வெள்ளியாக வாங்கிக்கொள்ள அரசே தொடங்கியது.